வாயில் உலோகம்: இல்லை

ஜனவரி 8, திங்கள்

இது மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. வருடா வருடம் வாங்கி, வருடா வருடம் பழைய பேப்பரோடு போட்டுவிடுவேன். இந்த வருடம் எழுத வேண்டியதாகிவிட்டது. வாயும் தொண்டையும் எப்படி இருக்கின்றன, என்ன சாப்பிட முடிந்தது, வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் தேவசகாயம். நோயாளிகளுக்கு நான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிற அதே யோசனைதான். இதுவரை ஒருவரும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்ததில்லை. நான் எழுதிக் காட்டுகிறேன்.

இன்றைய நிலவரம்: வலது டான்சிலில் கட்டி. மூன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர். புற்றுநோய்தான்.

"என்னய்யா தீர்த்தகிரி, உனக்கு நான் என்னத்தைப் புதுசா சொல்ல? முப்பத்தஞ்சு சிட்டிங். வாரம் ஒரு மருந்து. சரியாப் பண்ணுனா சரியாப் போகும்" என்றார் தேவசகாயம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் 'சரியாப் பண்ணுவது' என் வேலை. கதிர் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது, எத்தனை விழ வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் இயற்பியலாளர் நான். துறைத் தலைவரும் நான்தான். நோயாளிகள் இந்தச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அதனால் மனைவி வீட்டுச் சொந்தத்தில் பாதிப் பேர் நான் மின்வாரியத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, விசேஷ வீடுகளில் மீட்டர் மாற்றுவது பற்றிக் கேட்பார்கள்.

சாயங்காலம் சம்பூர்ணத்திடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள்.

"எத்தன நாளைக்கு கரண்ட் வெக்கோணும்?"

"முப்பத்தஞ்சு."

"ஒரு நாள் உடாம நானும் வர்றனுங்க."

"எதுக்கு? நான் தினமும் போற இடந்தானே."

"நீங்க தினமும் போறது வேலைக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. குழம்பில் உப்பு அதிகம்.

ஜனவரி 10, புதன்

வலி இரண்டு, விழுங்கும்போது மூன்று. இட்லி போகிறது. தோசை முறைக்கிறது.

அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். அந்தப் படத்தின் மேல்தான் டாக்டர் கட்டிக்கு எல்லை வரைவார். அந்த எல்லையை வைத்துத்தான் கதிருக்குக் கணக்குப் போடுவோம். படம் தப்பானால் எல்லாம் தப்பு. படத்தைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி உலோகம். உலோகம் வைத்துக் கட்டிய பல் வாயில் இருந்தால், அதிலிருந்து மத்தாப்புப் போல நாலாபக்கமும் கோடுகள் கிளம்பி, பின்னால் இருக்கும் நாக்கு, அண்ணம், டான்சில் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இதற்கு இப்போது மென்பொருள் வந்திருக்கிறது. கோடுகளை அழித்துவிடும். அழித்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று அதற்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிரப்பிக் கொடுக்கும். கல்யாணத் தரகர் செய்கிற வேலை. அதனால்தான் ஐந்து வருடத்துக்கு முன்பு நானே ஒரு விதித்தாள் எழுதி, லாமினேட் செய்து, ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டினேன். கழற்ற முடிந்த உலோகத்தைக் கழற்ற வேண்டும். கட்டி இருக்கும் இடத்தில் கோடு விழுமானால், கட்டிய பல்லையும் பல் டாக்டரிடம் அனுப்பி எடுத்துவிட வேண்டும். கோடு அழித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எல்லை வரையக் கூடாது. அசல் படம் பக்கத்தில் இருக்க வேண்டும். கீழே என் கையெழுத்து.

போன வருடம் ஈரோட்டிலிருந்து மஞ்சள் வியாபாரி ஒருவர் வந்தார். மேலே இரண்டு தங்கப் பல். "மக நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் உடுங்க சார், போட்டோ எடுப்பாங்க" என்று கெஞ்சினார். "கட்டி நிச்சயதார்த்தத்துக்குக் காத்திருக்காதுங்க" என்றேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டார். அந்த ஆண்டு நான் சொன்னவற்றிலேயே நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

கரண்ட் வைப்பதற்கு முன்னால் பல் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இதுவும் நான் கொண்டுவந்த விதி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பல் பிரிவு இருக்கிறது. நன்றாகப் பார்ப்பார்கள். அதுதான் பிரச்சினை. ஆகவே மேட்டுப்பாளையம் ரோட்டில் என்னை யாரென்று தெரியாத ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"அண்ணா, மேல முன்னாடி ஆறு பல்லும் கட்டுனதுங்களா? நல்லாப் பண்ணியிருக்காங்க. எந்த ஊர்ல?"

"சேலம்."

"உள்ள மெட்டல் இருக்குது. கேன்சர் ஆஸ்பத்திரியில மறக்காமச் சொல்லிருங்க. நானும் எழுதியிருக்கேன்."

இந்த டைரியில் எழுதுவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆமாம், ஆறு பல்லும் கட்டியவை. உள்ளே உலோகம், வெளியே பீங்கான். நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தால் பல் காவியேறிவிடும். எந்தப் பொடிக்கும் போகாது. அம்மா, அண்ணன் மாதையன், அக்கா, சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதில் என்னைக் கோயம்புத்தூருக்குப் பெண் பார்க்கக் கூப்பிட்டார்கள். போவதற்குப் பதினைந்து நாள் முன்னால் சேலத்தில் இறங்கிக் காரியத்தை முடித்துக்கொண்டேன். சம்பூர்ணத்துக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பல் தேய்க்கிறேன்.

இப்போது எடுத்தால் உள்ளே அரத்தால் தேய்த்துவிட்ட காவி முளைகள்தான் இருக்கும். சிகிச்சை முடிந்து புண் ஆறும்வரை, குறைந்தது ஐந்தாறு மாதம், புதிதாகக் கட்ட முடியாது. என்னுடைய ஆட்சேபம் முழுக்க முழுக்க அறிவியல் சார்ந்தது. மென்பொருள் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது.

சான்றிதழ் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 'சிகிச்சை தொடங்கலாம்' என்று இருக்கிறது. அந்த ஆறு பல் சமாசாரம் இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்தைக் கோப்பில் வைத்தேன். இரண்டாம் பக்கம் வண்டியில் வரும்போது எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வலி மூன்று. சர்க்கரைப் பொங்கல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அண்ணன் வீடியோ காலில் வந்தார். நோயைப் பற்றி விசாரித்துவிட்டு, நான் கவலைப்படக் கூடாது என்பதற்காக வாய் நிறையச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். பின்னால் நின்ற பங்காளிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். செல்போன் திரை முழுக்கக் காவி. சம்பூர்ணம் எட்டிப் பார்த்து, "மாமா, நல்லாருக்கீங்ளா?" என்று கேட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு வழக்கம்போல எனக்கு மட்டும் கரும்பைத் தோல் சீவி, சுண்டுவிரல் அளவுக்கு நறுக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான். கொய்யாவும் அப்படித்தான். தீபாவளி முறுக்கை எனக்கென்று தனியாக மென்மையாகப் பிழிவாள். என் மேல் அவளுக்கு அப்படியொரு அக்கறை.

ஜனவரி 18, வியாழன்

ஸ்கேன் முடிந்தது.

முதலில் முகமூடி. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் இழுத்துப் பொருத்துவார்கள், ஆறியதும் இறுகிவிடும். சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க அதை மேஜையோடு பூட்டுவார்கள். 'ஒண்ணும் பண்ணாதுங்க, வெந்நீர் ஒத்தடம் மாதிரி இருக்கும்' என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒத்தடம் மாதிரி இல்லை. மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் படிவம். பெயர், வயது, ஒவ்வாமை. ஏழாவது கேள்வி: வாயில் உலோகம் உண்டா? 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஸ்கேன் ஓடும்போது டெக்னீஷியன் அந்தோணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடமாக என்னோடு வேலை செய்கிறவர். எழுந்து டீ குடிக்கப் போனார்.

நான் மேஜையிலிருந்து இறங்கி, முகத்தில் வலைத் தடம் பதிந்தபடியே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். படத்தில் என் சிரிப்பிலிருந்து மத்தாப்பு கிளம்பியிருந்தது. மென்பொருளை ஓட்டினேன். நாற்பது விநாடி. கோடுகள் போய்விட்டன; பிறந்த குழந்தையின் வாய் மாதிரி சுத்தமான வாய். சுத்தமான படத்தை மட்டும் சிகிச்சைத் திட்டம் போடும் அறைக்கு அனுப்பினேன். அசல் படம் ஸ்கேனரில் பத்து நாள் கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். நான் எதையும் அழிக்கவில்லை.

ஜனவரி 22, திங்கள்

தேவசகாயம் எல்லை வரைந்துவிட்டார். கூடவே உட்கார்ந்திருந்தேன்.

"நல்ல படம்யா. உன் வாயும் உன்ன மாதிரியே டிசிப்ளினா இருக்கு" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. வலி நான்கு.

ஜனவரி 24, புதன்

எந்தத் திட்டமானாலும் இரண்டு இயற்பியலாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். என் திட்டத்தில் நான் போட முடியாது. ஆகவே ஒன்று சென்னையிலிருந்து ஆன்லைனில் ஒரு நண்பர். இன்னொன்று என் துறையில் இருக்கும் நிலோஃபர். நான்கு வருடமாக இங்கே இருக்கிறாள். குறைவாகப் பேசுவாள். அந்த நல்ல குணம் இன்றோடு போய்விட்டது.

மத்தியானம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், உங்க படம் ரொம்ப நல்லா இருக்கு."

"தேங்க்ஸ்மா."

"அதான் சந்தேகமா இருக்கு. எல்லாப் படத்துலயும் மணல் தூவின மாதிரி புள்ளி இருக்கும்ல? உங்களுக்கும் இருக்கு. ஆனா வரிசையில பல்லு வர்ற பதினாலு ஸ்லைஸ் படத்துல மட்டும் யாரோ கூட்டித் துடைச்ச மாதிரி இருக்கு."

"புது ஸ்கேனர். அப்படித்தான் இருக்கும்."

"அப்புறம், பல் டாக்டர் சர்டிபிகேட். கீழ 'பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு'ன்னு அச்சாகியிருக்கு."

நான் தண்ணீர் குடித்தேன். வலி ஐந்து.

"அசல் படத்தை ஸ்கேனர்லேர்ந்து எடுத்துட்டேன் சார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா போயிருக்கும்" என்று சொல்லி, கையில் வைத்திருந்த எதையோ மேஜையில் வைத்தாள். சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த என் விதித்தாள். பின்பக்கம் பசையோடு சுண்ணாம்பும் ஒட்டியிருந்தது.

அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். டான்சிலுக்கும் முன்பல்லுக்கும் உள்ள தூரம், மென்பொருளின் துல்லியம், வெளிநாட்டு ஆய்வுகள் என்று இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

"இது வேற பேஷண்டா இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

"இது வேற பேஷண்ட் இல்லையே."

"நான் போட மாட்டேன் சார்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்திலா பயத்திலா என்று தெரியவில்லை. தாளை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 25, வியாழன்

அந்தோணியிடம் பேசவில்லை. நிலோஃபரிடம் பேசவில்லை. சுவரில் செவ்வகமாக ஒரு வெள்ளைத் தடம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள்.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத திட்ட அறையில் போய் உட்கார்ந்து இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தேன். என் விதிப்படி.

இடது பக்கம் மத்தாப்பு. வலது பக்கம் சுத்தமான வாய். பதினான்கு படம். ஒவ்வொன்றிலும் மத்தாப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டேன். தெரியாது. வலது பக்கப் படத்துக்குத் தெரியுமா? அதற்கும் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டுகிறது.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி வாயை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்று அவர் மகள் நிச்சயதார்த்தப் படத்தில் எப்படி நின்றிருப்பார் என்று இதுவரை நினைத்ததே இல்லை. இன்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நிலோஃபருக்குப் போன் செய்தேன். லீவு நாள், குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை பல் பிரிவுல எனக்கு ஒரு அப்பாயின்மென்ட் போடுமா. என் பேர்லயே போடு."

"நேத்தே போட்டுட்டேன் சார்" என்றாள்.

ஜனவரி 29, திங்கள்

எடுத்தாகிவிட்டது. முக்கால் மணி நேரம் சின்ன ரம்பம் வைத்து அறுத்தார்கள். வாயில் சூடான இரும்பு வாசனை. டாக்டர் அந்த ஆறையும் மாத்திரைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். "என்ன சார், நம்ம டிபார்ட்மென்ட்டை விட்டுட்டு வெளியிலயா போனீங்க?" என்று கேட்டார். வாய் மரத்துப் போயிருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி பார்த்தேன். இருபத்தொன்பது வருடம் கழித்துப் பென்னாகரத்துக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். அண்ணன் ஜாடை.

பழக்க தோஷம் விடவில்லை. கவரில் இருந்ததைத் தண்ணீர் டப்பாவில் போட்டு அந்தோணியிடம் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். அதே மத்தாப்பு. "அன்னைக்கும் இப்படித்தான் சார் இருந்தது" என்றார் அந்தோணி. பதினொரு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது.

வீட்டுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். கிருமி தொற்றக் கூடாதாம், சிகிச்சை முடியும்வரை வீட்டிலும் கழற்றக் கூடாதாம் என்று சம்பூர்ணத்திடம் சொன்னேன்.

"யாருகிட்ட இருந்து யாருக்குங்க தொத்தும்?"

"ரெண்டு பேருக்கும்."

"செரிங்க" என்றாள். பல் முளையாகக் குறுகிவிட்டதால் காற்று தப்பி, பேச்சு புஸ்புஸ் என்று வருகிறது. வீக்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 31, புதன்

புது முகமூடி, புது ஸ்கேன். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். நிலோஃபர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, "வாயைத் திறங்க சார்" என்று டார்ச் அடித்துப் பார்த்தாள்.

தேவசகாயம், நிலோஃபர், நான் மூவரும் படத்தைப் பார்த்தோம். கட்டி டான்சிலோடு நிற்கவில்லை. அங்கிருந்து மேல் அண்ணத்தை நோக்கி ஒரு நாக்கு நீண்டிருந்தது. தோலுக்கு அடியிலேயே போயிருந்ததால் டாக்டர் வாயில் குழாய் விட்டுப் பார்த்தபோதும் தெரியவில்லை. ஒன்றேகால் சென்டிமீட்டர். போன வாரம் வரைந்த எல்லைக்கு வெளியே. எல்லையைச் சுற்றி ஜாக்கிரதைக்காக நாங்கள் விடுகிற ஓரத்துக்கும் வெளியே. சுத்தமான படத்தில் அந்த இடத்தில் மென்பொருள் நல்ல சதையை நிரப்பி வைத்திருந்தது. பக்கத்தில் விசாரித்ததில் நல்ல சதை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"அந்தப் படத்துல இதை அழிச்சது யார்யா?" என்றார் தேவசகாயம்.

"நான்தான்."

அவர் பழைய படத்தை மூடினார். பிறகு புதிதாக வரைய ஆரம்பித்தார்.

பழைய படத்தை நம்பியிருந்தால், முப்பத்தைந்து நாளும் கரண்ட் வைத்து, அந்த ஒன்றேகால் சென்டிமீட்டரை மட்டும் பத்திரமாக விட்டு வைத்திருப்போம். அரை மில்லிமீட்டர் கூடப் பிசகாமல். எழுத்து கோணலாக வருவது அதனால்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

முதல் சிட்டிங். சம்பூர்ணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "எங்க ஊட்டுக்காரரு இங்கதான் வேலை பாக்கறாரு, அவரே கணக்குப் போட்டு வெச்சுக்கறாரு" என்று சொல்வது கேட்டது. நிலோஃபர் போட்ட கணக்கு. திருத்தவில்லை.

பிப்ரவரி 14, புதன்

எட்டாவது சிட்டிங். உப்பு தெரியவில்லை. சர்க்கரை தெரியவில்லை. ராகிக் கூழ், ரசம், சுவர்ச் சுண்ணாம்பு மூன்றும் ஒரே ருசி என்று நினைக்கிறேன், மூன்றாவதைச் சோதிக்கவில்லை.

வீட்டில் தட்டை வைத்துவிட்டு சம்பூர்ணம் எனக்கு முதுகைக் காட்டி டிவி சீரியலுக்கு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் திரும்புவதற்குள் மாஸ்க்கை இறக்கிச் சாப்பிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்கிறேன். நல்லவேளை, அந்த சீரியலில் தினமும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

வலி ஆறு. ஐந்து கிலோ குறைந்துவிட்டேன். நோயாளிகள் ஏன் டைரி எழுதுவதில்லை என்று புரிகிறது.

மார்ச் 6, புதன்

இருபத்து மூன்றாவது சிட்டிங். வாய் முழுக்கப் புண். வலி எட்டு. எச்சில் கூட இறங்கவில்லை.

தேவசகாயம் செய்த காரியத்தை எழுத வேண்டும். என்னை வெளியே அனுப்பிவிட்டு சம்பூர்ணத்தைக் கூப்பிட்டு, காலையும் மாலையும் டார்ச் அடித்து என் வாயைப் பார்க்க வேண்டும், வெள்ளையாகப் படர்ந்தால் உடனே சொல்ல வேண்டும், புண்ணுக்கு ஜெல் தடவ வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு டார்ச்சோடு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, மாஸ்க்கக் கழட்டுங்க."

"நானே தடவிக்கறேன்."

"உங்குளுக்கு உள்ள தெரியாதுங்க. கழட்டுங்க."

"வேண்டாம் சம்பூர்ணம்."

"பல்லுக்காகத்தான?"

அவள் டார்ச்சை அணைத்து மடியில் வைத்தாள்.

"உங்கம்மாளுக்கு காவி. மாதையன் மாமாவுக்கு காவி. உங்கக்கா, சித்தப்பன் பசங்க, நம்ம கல்யாணப் பந்தல்ல வந்து நின்ன உங்கூட்டுச் சனம் அத்தனைக்கும் காவி. நடுவால நீங்க மட்டும் பல்பொடி வெளம்பரக்காரனாட்டம் சிரிச்சுட்டு நின்னீங்க. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சீங்ளா?"

"அப்ப கல்யாணத்தன்னிக்கே தெரியுமா?"

"அதுக்கும் முன்னாலயே. பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கு நீங்க பஜ்ஜியக் கடிக்காம, பிச்சுப் பிச்சு வாய்ல போட்டுட்டு இருந்தீங்க. எங்கய்யன் உள்ள வந்து, 'மாப்பள பல்லு கட்டுனதாட்ட இருக்குது அம்மிணி, விசாரிக்கச் சொல்லட்டுமா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னையப் பாக்க வர்றதுக்கோசரம் ஒரு மனுசன் இத்தன பாடுபட்டுட்டு வந்திருக்கறான், இதுக்கு மேல என்னத்த விசாரிக்கறீங்கன்னேன்."

கண்டுபிடிக்க நிலோஃபருக்கு ஆறு நாள் ஆயிற்று. இவளுக்கு ஒரு பஜ்ஜி போதுமாக இருந்திருக்கிறது. கரும்பு, கொய்யா, தீபாவளி முறுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

"இத்தன வருசத்துல ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் கதவச் சாத்திட்டுப் பல்லு தேச்சீங்க. சாத்துன கதவ எதுக்குங்க தட்டறது? செரி, இப்ப வாயத் தொறங்க."

மாஸ்க்கைக் கழற்றினேன். வாயைத் திறந்தேன். அழுகை வந்தது, புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் டார்ச் அடித்து, மேலும் கீழும் பார்த்து, விரலால் ஜெல் தடவினாள். "வெள்ளையெல்லாம் ஒண்ணும் படருல" என்றாள். பிறகு என் முன்பல் முளைகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அப்படியே மாதையன் மாமா" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மார்ச் 22, வெள்ளி

முப்பத்தைந்து. முடிந்தது. முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நோயாளிகள் கேட்பார்கள். நான் கேட்கவில்லை.

விதித்தாள் மறுபடி சுவருக்கு வந்துவிட்டது. நிலோஃபர் புதிதாக அடித்து லாமினேட் செய்திருக்கிறாள். நான்காவது விதி புதியது: 'படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பணியாளர்களும் இதில் அடக்கம்.' கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தாள். போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

மூன்று மாதச் சோதனை ஸ்கேன். டான்சில் சுத்தம். அண்ணம் சுத்தம். நம்பாமல் மணல் புள்ளிகளை ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி தூவியிருக்கிறது. யாரும் கூட்டித் துடைக்கவில்லை.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரியின் நம்பரைப் பழைய கோப்பில் தேடி எடுத்துப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறார். என்ன விஷயம் சார் என்று பதறினார். சும்மாதான் என்றேன். பிறகு அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சிரிப்பு என்று கேட்டார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

வலி ஒன்று. இட்லி, தோசை இரண்டும் சமாதானம்.

பல் பிரிவுக்குப் போனோம். இந்த முறை சம்பூர்ணமும் உள்ளே வந்தாள். கழற்றி மாட்டுகிற செட், முழுக்கப் பிளாஸ்டிக், கம்பி கிடையாது. டாக்டர் வண்ணப் பட்டியல் ஒன்றை நீட்டினார். வரிசையாகப் பதினாறு குட்டிப் பற்கள், வெள்ளையில் ஆரம்பித்துப் படிப்படியாக மங்கிக்கொண்டே போகின்றன. என் விரல் தானாக முதல் பல்லுக்குப் போயிற்று.

சம்பூர்ணம் பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது கொஞ்சம் மங்கலா இருக்குமேம்மா" என்றார் டாக்டர்.

"இதே இருக்கட்டும்ங்க. இதுலதான் அவிங்க ஊர்த் தண்ணி கொஞ்சம் தெரியுது."